எக்மோ: நுரையீரலுக்கு லீவு கொடுக்கிற மெஷின்

'எக்மோ'ங்கிற வார்த்தையை நம்மில் பலர் முதல்ல கேட்டது 2016 டிசம்பர் 4 ராத்திரி, ஜெயலலிதா பத்தின டிவி செய்தியில. அடுத்து 2020-ல எஸ்.பி.பி.க்காக.

2021 மே கடைசியில தினசரி கொரோனா எண்ணிக்கையில நம்ம கோவை சென்னையையே தாண்டுச்சு. மே 30 அன்னிக்கு முதல்வர் ஸ்டாலின் பிபிஇ கிட் போட்டுக்கிட்டு இங்க இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போனாரு. "வெண்டிலேட்டர் வச்சும் சேச்சுரேஷன் ஏறலீங்க"ன்னு போன்ல கேட்ட காலம் அது.

ஏன் ஏறாது? வெண்டிலேட்டர் காத்தை உள்ளே தள்ளும், அவ்வளவுதான். ஆக்சிஜனை ரத்தத்துல சேர்க்க வேண்டியது நுரையீரலோட காற்றுப்பைகள். அதுல நீர் கோத்துக்கிட்டா, எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. அந்த அழுத்தமே நுரையீரலை இன்னும் கெடுக்கும்.

எக்மோ நுரையீரலையே சுத்திக்கிட்டுப் போகுது. தொடை இடுக்கு ரத்தநாளத்துல தடியான குழாய் போட்டு, கருஞ்சிவப்பு ரத்தத்தை வெளிய எடுப்பாங்க. பம்ப் அதை ஆக்சிஜனேட்டருக்கு அனுப்பும். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழல் இழைகள். இழைக்குள்ள ஆக்சிஜன், வெளிய ரத்தம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, ரத்தம் பளிச்சுன்னு சிவந்து, கழுத்து நாளம் வழியா திரும்பும். நிமிஷத்துக்கு நாலஞ்சு லிட்டர். உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! (இதயமும் நின்னுபோனா ரத்தத்தைத் தமனிக்குள்ள திருப்பி விடுவாங்க. ஜெயலலிதா விஷயத்துல பிரச்சினை இதயத்துடிப்பு.)

ஆனா இது நோயைக் குணப்படுத்தாது. நாள் வாங்கித் தரும். அந்த நாட்களுக்குள்ள நுரையீரல் தேறணும். ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் கொடுப்பாங்க. அதனாலேயே மூளையில ரத்தக்கசிவு வரலாம். தொற்றும் காத்துக்கிட்டிருக்கும்.

எஸ்.பி.பி. அந்த மெஷினோட இருந்தப்பவே ஐபேடில் கிரிக்கெட், டென்னிஸ் பார்த்தாருன்னு மகன் சரண் சொன்னாரு. கொரோனா நெகட்டிவும் வந்துச்சு. நுரையீரல் தேறலை. செப்டம்பர் 25, வயசு 74.

அதனால டாக்டர் "எக்மோ போடலாமா"ன்னு கேட்டா, லட்சக்கணக்குல செலவை யோசிக்கிறதுக்கு முன்னாடி சிலதைக் கேளுங்க. நுரையீரல் தேற வாய்ப்பு இருக்கா? இல்லைன்னா மாற்று அறுவை சிகிச்சைக்கு உடம்பு தாங்குமா? வெண்டிலேட்டர்ல எத்தனை நாளாச்சு? ஒரு வாரம் தாண்டினா பலன் குறையும். அப்புறம், தினமும் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வச்சுப் பார்த்தாச்சா? அதுக்கு மெஷினே வேண்டாம், நாலஞ்சு நர்ஸுங்க கை போதும்.