முத்தும் கணக்கும்

மாணவர்களே! ஆறுமுகநேரி உப்பளங்களுக்குக் கிழக்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்கே தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சிப்பியில் முத்தை நாமே விளைவிக்கலாமா? தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் விளைவித்துக் காட்டினர்.

உயிருள்ள சிப்பியினுள், ஓட்டில் கடைந்த சிறு மணியையும், மற்றொரு சிப்பியின் ஓடு சுரக்கும் சதைப்போர்வைத் துணுக்கையும் வைப்பார்கள். துணுக்கின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகும். பை சுரக்கும் பொருள் படலம் படலமாகப் படிந்து முத்தாகும். 1981-இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளையும் உண்டாக்கினர்.

இனி வாணிபம். சில சிப்பிகள் இறக்கும். சில மணியை வெளியே தள்ளிவிடும். தேறிய முத்தின் அடக்கவிலையில் அந்த இழப்பும் சேரும் அல்லவா? ஆகவே, உயிர்த்தொழில்நுட்ப மேற்படிப்பில் ஆராய்பவர் சிப்பியோடு கணக்கேட்டையும் படிக்கவேண்டும்.