கடலோர நீரில் கன உலோகங்கள்: கலைச்சொல்லும் பொருள் எல்லையும்

கடலோர நீரின் தரம் பற்றிய ஆய்வறிக்கைகளைத் தமிழாக்குவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் தொடர் ‘கன உலோகம்’ என்பதாகும். பளு உலோகம், அடர் உலோகம் ஆகிய வடிவங்களும் வழக்கில் உள்ளன. இவற்றுள் எதனைக் கொள்வது என்பது இரண்டாம் வினாவே. மூலமொழித் தொடருக்கு வரையறுத்த பொருள் உண்டா என்பதே முதல் வினா. 1817இல் ஜெர்மானிய வேதியியலார் லியோபோல்ட் குமெலின் தனிமங்களை அலோகம், இலேசான உலோகம், கன உலோகம் என மூன்றாகப் பகுத்தபோது அடர்த்தி ஒன்றே அளவுகோலாக நின்றது. பின்வந்தோர் அவ்வெல்லையைத் தத்தம் தேவைக்கேற்ப நகர்த்தினர். சிலர் அணு எடையைக் கொண்டனர். சிலர் நச்சுத்தன்மையையே கொண்டனர். உலோகப்போலியான ஆர்செனிக்கும் இப்பட்டியலில் இடம்பெறுவதற்கு அதுவே காரணம். தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் தொழில்நுட்ப அறிக்கையாக 2002இல் ஜான் டஃபஸ் எழுதிய கட்டுரை, இத்தொடர் பொருளற்றதாகிவிட்டது என்றே வாதிட்டது.

எனினும் சட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் தொடர் நிலைத்துவிட்டது. மூலத்தின் நெகிழ்ச்சியை மொழிபெயர்ப்பாளர் திருத்த இயலாது, திருத்தவும் கூடாது. ஆகவே ‘கன உலோகம்’ என்ற பரவலான வடிவத்தை ஏற்றுக்கொண்டு, தனித்தனி உலோகங்களின் பெயர்களில் கருத்தூன்றுவதே பயன் தரும். அங்கேதான் உண்மையான இடர்ப்பாடுகள் உள்ளன.

‘ஈயம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இது காரீயம், வெள்ளீயம் ஆகிய இரண்டிற்கும் பொதுப்பெயர். இவ்விரண்டும் வேறுவேறு தனிமங்கள். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. கடலோரப் படிவுகளில் அளக்கப்படும் நச்சு உலோகமோ காரீயம். ‘ஈய மாசு’ என்று மட்டும் எழுதப்பட்ட அறிக்கையைப் படிக்கும் இல்லத்தரசி தம் அடுக்களைச் சொம்பை ஐயுறுவதும், சொம்பு தீங்கற்றதாயிற்றே என்று கருதுவோர் காரீயத்தை அஞ்சாதிருப்பதும் நிகழக்கூடியவை. அடைமொழியை நீக்கி எழுதும் வழக்கம் ஆய்வுத் தமிழுக்குப் பொருந்தாது.

பாதரசத்தின் நிலை இதனினும் சிக்கலானது. தனிமமாகிய பாதரசம், அதன் கனிமச் சேர்மங்கள், அதன் கரிமச் சேர்மங்கள் ஆகியன உடலிற் செயற்படும் முறை வெவ்வேறானது. இன்றைய உரைநடை இவையனைத்தையும் ஒரே சொல்லால் சுட்டிச் செல்கிறது. சித்த மருத்துவ நூல் வழக்கு இவ்வாறு செய்யவில்லை என்பது கருதத்தக்கது. தனிமத்திற்கு இரசம், கந்தகத்தோடு கூடியதற்கு இலிங்கம், குளோரைடுகள் இரண்டிற்கும் வீரம், பூரம் எனத் தனித்தனிப் பெயர்கள் அங்கே வழங்கின. பொருளின் வடிவம் மாறினால் அதன் செயலும் மாறும் என்ற அறிவு சொல்லாக்கத்திலேயே பதிந்திருந்தது.

மினமாட்டா தரும் சான்று

வடிவ வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதன் விளைவு யாது என்பதற்கு ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள மினமாட்டா நகரின் வரலாறு சான்றாகும். அங்கிருந்த சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிகைடு உற்பத்தி செய்தது. வினையூக்கியாகப் பயன்பட்டது பாதரச சல்பேட்டு. அதாவது கனிமச் சேர்மம். உற்பத்தியின்போது அதில் ஒரு சிறு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீருடன் விரிகுடாவை அடைந்தது. மீனையும் சிப்பியையும் அன்றாட உணவாகக் கொண்ட மீனவக் குடும்பங்கள் நரம்பு நோய்க்கு ஆளாயின. மனிதருக்கு முன்னரே பூனைகள் தள்ளாடித் துடித்து இறந்தன. 1956 மே 1ஆம் நாள் ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே இந்நோயைச் சுகாதார அலுவலகத்திற்கு முறைப்படி தெரிவித்தார்.

அப்போது நோய்க்குப் பெயரில்லை. மக்கள் வழக்கிலும் செய்தித்தாள்களிலும் அது ‘கிப்யோ’, அதாவது விந்தை நோய், எனப்பட்டது. தொற்றுநோய் என்ற அச்சம் பரவியமையால் நோயுற்ற குடும்பங்களை அண்டை வீட்டார் ஒதுக்கினர். குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் தொடக்கத்தில் மாங்கனீசு, செலினியம், தாலியம் ஆகியவற்றை ஐயுற்றனர். கழிவில் இவையெல்லாம் இருந்தன. ‘உலோக நஞ்சு’ என்ற பொதுப்பெயர் விடையை அண்மைப்படுத்தவில்லை. இங்கிலாந்தில் மெத்தில் பாதரசம் கையாண்ட தொழிலாளரைப் பற்றி ஹண்டர், பாம்ஃபோர்டு, ரஸ்ஸல் ஆகியோர் 1940இல் வெளியிட்ட மருத்துவ விவரிப்பு மினமாட்டா நோயாளிகளின் குறிகளோடு ஒத்திருந்தது. 1959 சூலையில் ஆய்வாளர் கரிமப் பாதரசமே காரணம் என அறிவித்தனர்.

ஆலைத் தரப்பு மறுத்தது. தான் பயன்படுத்துவது கனிமப் பாதரசம். நோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவதோ கரிமப் பாதரசம். ஒன்று மற்றொன்றாக மாறும் வழி காட்டப்படவில்லை என்பது அதன் வாதம். இரண்டையும் ‘பாதரசம்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் இவ்வாதமே விளங்காது. அதற்குரிய மறுப்பும் விளங்காது. 1959 அக்டோபரில் ஹோசோகாவா அசிட்டால்டிகைடுக் கழிவை உணவிற் கலந்து கொடுத்த 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது. அம்முடிவு வெளியிடப்படவில்லை. 1963இல் ஆலைச் சேற்றிலேயே மெத்தில் பாதரசம் கண்டறியப்பட்டதாகப் பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். 1965இல் நீகாட்டாவில் வேறொரு நிறுவனத்தின் கழிவால் இரண்டாம் முறையாக இந்நோய் தோன்றியது. ஜப்பானிய அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்தான். ஒரு வேதிப்பெயரின் முன்னொட்டைப் பற்றிய வழக்கு ஒன்பது ஆண்டுகளை விழுங்கியது என்று கூறின் அது மிகையன்று. பொருளியல் நலன்கள் அதன் பின்னின்றன என்பதும் மறுக்கவியலாதது.

நுண்ணுயிர்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும் என்பதனை ஸ்வீடனில் யென்சன், யெர்னெலோவ் ஆகியோர் 1969இல் காட்டினர். பல கடலோரங்களில் நிகழ்வது இதுவே. ஆனால் மினமாட்டாவில் மாற்றம் பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே நடந்தது. ‘கடலிற் கலந்த பாதரசம் நஞ்சாக மாறியது’ என்று எழுதும் தமிழ்ச் சுருக்கங்கள் பொறுப்பை ஆலையிலிருந்து கடலுக்கு மாற்றிவிடுகின்றன.

திரட்சியும் பெருக்கமும்

உயிரினம் நஞ்சை உட்கொள்ளும் முறையை உணர்த்த ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உள்ளன. நீரிலிருந்து மட்டும் பெறுவது ஒன்று. நீர், உணவு ஆகிய எல்லா வழிகளிலும் பெற்றுச் சேர்ப்பது மற்றொன்று. உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவு கூடுவது மூன்றாவது. இவற்றை முறையே நீர்வழிச் செறிவு, உயிர்த்திரட்சி, உணவுவழிப் பெருக்கம் எனக் குறிக்கலாம். மூன்றையும் ‘உயிர்ப்பெருக்கம்’ என்று எழுதுவது அறிவியற் பிழையாகும். மெத்தில் பாதரசம் சங்கிலிதோறும் பெருகும். காட்மியமும் காரீயமும் சிப்பிகளில் மிகுதியாகத் திரளும். ஆயினும் பொதுவாக அவ்வாறு பெருகுவதில்லை. எந்த மீனை உண்ணலாம் என்ற அறிவுரை இவ்வேறுபாட்டையே பற்றி நிற்கிறது.

நீரை விடுத்துச் சிப்பியை அளப்பதற்கும் காரணம் உண்டு. கடல்நீரில் உலோகச் செறிவு மிகக் குறைவு, ஓதத்தோடு மாறுவது. சிப்பியோ பல மாதங்களின் சராசரியைத் தன் தசையில் வைத்திருக்கும். இதனாலேயே 1975இல் எட்வர்டு கோல்ட்பர்க் சிப்பிக் கண்காணிப்பு முறையை முன்மொழிந்தார். கழிமுகத்தில் உவர்ப்பு ஏறும்போது ஆற்றுநீரின் நுண்துகள்கள் ஒன்றுதிரண்டு உலோகங்களோடு படிவதால் சேறும் சான்றாகிறது. மினமாட்டாவில் பாதரசம் 25 பி.பி.எம். அளவைத் தாண்டிய சேற்றை அகற்றியும் மூடியும் 58 எக்டேர் நிலம் உருவாக்கப்பட்டது. 1977இல் தொடங்கிய அப்பணி 1990இல் முடிந்தது.

அளவைச் சொற்களில் கவனம் பெரிதும் தேவை. பி.பி.எம். என்பது பத்து இலட்சத்தில் ஒரு பகுதி, பி.பி.பி. என்பது நூறு கோடியில் ஒரு பகுதி. ‘உலர் எடை’, ‘ஈர எடை’ என்னும் குறிப்புகளை அலங்காரமாகக் கருதி விடுவோர் உளர். சிப்பித் தசையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீராதலால் உலர் எடையிற் கூறிய எண் ஈர எடையிற் கூறியதைப்போல் ஐந்து மடங்காக நிற்கும். ஜப்பான் 1973இல் மீனுக்கு வகுத்த வரம்பு மொத்தப் பாதரசம் 0.4 பி.பி.எம்., மெத்தில் பாதரசம் 0.3 பி.பி.எம். என இருநிலையில் அமைந்தது. ‘மொத்த’ என்னும் அடையை நீக்கினால் முதல் எண் பொருளிழக்கும்.

சட்ட வாசகம்

‘மாசு’ என்பதும் ஆய்வுக்குரியது. இயற்கை அளவினும் மிகுந்திருத்தல் ஒன்று, அதனால் தீங்கு விளைதல் மற்றொன்று எனக் கடலியலார் பிரித்துரைப்பர். முன்னதைக் ‘கலப்பு’ என்றும் பின்னதை ‘மாசு’ என்றும் வழங்குவது தகும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, தீங்கு விளைவிப்பதையும் ‘விளைவிக்கக்கூடியதையும்’ கடல்மாசு எனத் தன் முதல் உறுப்பில் வரையறுக்கிறது. பின்னைய விகுதியை விட்டுவிட்டால், தீங்கு நேர்ந்த பின்னரே வழக்குத் தொடுக்கலாம் என்று சட்டம் சுருங்கிவிடும்.

2013 அக்டோபரில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் இணைந்தது. அதன் இரண்டாம் உறுப்பு ‘பாதரசம்’ என்பதற்குத் தனிமப் பாதரசம் என்றே பொருள் கொள்கிறது. ‘பாதரசச் சேர்மம்’ வேறாக வரையறுக்கப்படுகிறது. ஆய்வகத்தார் ‘மொத்தப் பாதரசம்’ என அளப்பதில் இவ்விரண்டும் அடங்கும். ஆகவே உடன்படிக்கையையும் ஆய்வக முடிவையும் ஒரே அறிக்கையில் தமிழாக்குவோர், முதற்பக்கத்திலேயே அச்சொல் எவ்விடத்தில் எப்பொருளில் வருகிறது என்பதைக் குறித்துவிடுதல் வேண்டும்.