சங்கக் கடையில் மருந்து விற்கலாமா?

நெசவாளர் சங்கங்களையும் விவசாயிகள் சங்கங்களையும் பார்வையிடச் செல்லும் ஆய்வாளர்களிடம் நிர்வாகக் குழுவினர் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: "நூலும் சாயமும் வைத்திருக்கிறோம், உரமும் விதையும் விற்கிறோம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாலு மாத்திரை வைத்து விற்றால் என்ன?"

கேள்வி நியாயமானதே. நாளெல்லாம் குழித்தறியில் அமர்ந்து மிதிப்பவருக்கு இடுப்பு வலி புதிதன்று. கதிர் அறுப்பவருக்கு அரிவாள் காயமும் புதிதன்று. ஓர் அட்டை மாத்திரைக்காகப் பேருந்தேறி நகரத்துக்குச் சென்று திரும்பினால் அரைநாள் கூலி போய்விடுகிறது. அங்கத்தினரின் இக்குறையைப் போக்கச் சங்கம் முன்வருவது பாராட்டத்தக்கது. ஆனால் அதனுடன் ஒரு தவறான எண்ணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. டாக்டர் சீட்டு வேண்டாத மருந்தென்றால் விற்பதற்கு லைசென்ஸும் வேண்டாம் என்பதே அது. இவ்வெண்ணத்தை முதலில் களைய வேண்டும்.

சீட்டு வேறு, உரிமம் வேறு

நம் நாட்டுச் சந்தையில் மலிந்திருந்த போலி மருந்துகளையும் தரங்குறைந்த மருந்துகளையும் பற்றி ஆராய, 1930ஆம் ஆண்டில் ராம்நாத் சோப்ராவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 1940ஆம் ஆண்டில் மருந்துச் சட்டமும், 1945இல் அதன் விதிகளும் பிறந்தன. எச், எச்1, எக்ஸ் என்னும் அட்டவணைகளில் கண்ட மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். சீட்டின்றி விற்பவை என ஒரு தனி வகுப்பைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே சாதாரணத் தலைவலி மாத்திரையும் சட்டத்தின் கண்ணில் மருந்தே. அதை விற்க உரிமம் வேண்டும். உரிமமின்றி விற்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது.

மூன்று வழிகள்

முதலாவது, சிற்றூர்களுக்கான விலக்கு. 'கே' அட்டவணையில் வீட்டு மருந்துகள் சில தொகுத்துக் கூறப்பட்டுள்ளன. ஆஸ்பிரின், பாராசிட்டமால், வலித் தைலங்கள், வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்துகள், தீப்புண் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி, விளக்கெண்ணெய், டிங்சர் அயோடின் முதலியவை அவற்றுள் அடங்கும். இவற்றை விற்பனை உரிமமின்றி விற்கலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஊரின் மக்கள்தொகை ஆயிரத்துக்கு மேற்படலாகாது. அவ்வூரில் உரிமம் பெற்ற மருந்துக்கடை இருத்தலாகாது. ஜி, எச், எக்ஸ் அட்டவணைப் பொருள் எதுவும் அம்மருந்துகளில் கலந்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவர் தயாரித்ததாகவும், உரிமம் பெற்றவரிடம் வாங்கியதாகவும், உறை பிரிக்காததாகவும் இருத்தல் வேண்டும். பெரிய ஊர்ச் சங்கங்களுக்கு இவ்விலக்கு பயன்படாது என்பது கவனிக்கற்பாலது.

இரண்டாவது, வரையறுக்கப்பட்ட உரிமம். தகுதி பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வை தேவைப்படாத மருந்துகளை மட்டும் விற்பதற்கு, 19-ஏ படிவத்தில் விண்ணப்பித்து 20-ஏ படிவத்தில் இவ்வுரிமத்தைப் பெறலாம். இடம் போதுமானதா, மருந்தைக் கெடாமல் வைக்க வசதியுண்டா, விண்ணப்பிப்பவர் செய்துவரும் தொழில் யாது என்பவற்றை உரிம அதிகாரி ஆராய்வார். கேட்டவுடன் கிடைக்கும் சீட்டன்று இது. அதிகாரியின் பரிசீலனைக்கு உட்பட்டது.

மூன்றாவது, முழு மருந்துக்கடை. இதற்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரும் வேண்டும். 19ஆம் படிவத்தில் விண்ணப்பித்து 20, 21ஆம் படிவ உரிமங்களைப் பெற வேண்டும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஐந்தாண்டுக்கொருமுறை நிலைநிறுத்தக் கட்டணம் செலுத்திவந்தால் உரிமம் தொடரும். வலுவுள்ள சங்கங்கள் இவ்வழியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 2025 பிப்ரவரி 24ஆம் நாள் தமிழகத்தில் தொடங்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களுள் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவனவும் உள்ளன.

எவ்வழியைத் தேர்ந்தாலும் ஒன்றை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் துணைவிதிகள் இவ்வியாபாரத்துக்கு இடந்தருகின்றனவா? இல்லையெனில் பொதுப்பேரவையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்த பின்னரே அங்கத்தினரின் பணத்தை இதில் போடலாம்.

சித்த மருந்துகளின் நிலை வேறு. அவற்றை விற்க இச்சட்டத்தின்கீழ் விற்பனை உரிமம் தேவையில்லை. தயாரிப்பதற்கே உரிமம் தேவை. ஆயினும் தயாரிப்பு உரிம எண் அச்சிடப்படாத சூரணத்தையும் தைலத்தையும் சங்கக் கடையில் ஏற்றலாகாது.

பட்டியலே கவசம்

இத்தனை கட்டுப்பாடும் வீண் அலைச்சல் என்று எண்ணுவோர், 2025ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து உண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் அதில் 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழக அரசின் ஆய்வு காட்டிற்று. இத்தகைய வேளையில் குறிப்பிட்ட தொகுதி எண்ணுள்ள புட்டிகள் எந்தெந்தக் கடைக்குப் போயின என்பதை அறிந்தாலன்றி அவற்றைத் திரும்பப் பெற இயலாது. அதை அறிவிப்பது கடைக்காரரின் கொள்முதல் பட்டியல் ஒன்றே.

அப்பட்டியல் சங்கத்தையும் காக்கும். விற்ற மருந்து தரங்குறைந்ததெனப் பின்னர்த் தெரியவந்தால், சட்டத்தின் 19ஆம் பிரிவு விற்றவருக்கு ஒரு பாதுகாப்பு அளிக்கிறது. உரிமம் பெற்றவரிடமே வாங்கினோம். உரிய கவனம் செலுத்தியும் குறையை அறியக்கூடவில்லை. முறைப்படி பத்திரப்படுத்தி, வாங்கிய நிலையிலேயே விற்றோம் என்று அவர் மெய்ப்பிக்க வேண்டும். பட்டியலின்றி மலிவாக வாங்கிய சங்கம் இதை எங்ஙனம் மெய்ப்பிக்கும்?

ஆகவே உரிமம் பெற்ற பின்னரும் சில பழக்கங்கள் அவசியம். பூச்சிமருந்தும் சாயமும் உள்ள அறையில் உண்ணும் மருந்தை வைக்கலாகாது. வெயில்படும் தகரக் கூரையின்கீழ் அடுக்கலாகாது. மாதந்தோறும் காலாவதித் தேதியைப் பார்த்து, கடந்தவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து விற்கும் வழக்கமும் தீது. தேதியுள்ள துண்டு கடையில் தங்கிவிட, பெயரற்ற மாத்திரை வாங்கியவர் வீடு செல்லும். குழந்தைகளுக்கு இருமல் மருந்து கேட்டு வருவோரை மருத்துவரிடம் அனுப்புவதே சங்கத்தின் கடமை.

நூலில் கலப்படம் நேர்ந்தால் ஒரு பாவு கெடும். விதையில் நேர்ந்தால் ஒரு போகம் கெடும். மருந்தில் நேர்ந்தால் கெடுவதை மீண்டும் நெய்யவோ விதைக்கவோ முடியாது. ஆதலால், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரை அணுகித் தங்கள் ஊருக்கு எவ்வழி பொருந்தும் எனக் கேட்டறிந்து, முறையான அனுமதியுடன் இப்பணியைத் தொடங்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.