பழைய டிராக்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

புது டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் பலர், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிச் சமாளிக்க எண்ணுகிறார்கள். வண்டி நல்லதாக அமைந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். தவறான வண்டியாக அமைந்துவிட்டாலோ, நகையை அடகு வைத்துத் திரட்டிய பணம் பட்டறையிலேயே கரைந்துபோகும். நாற்று தயாராக இருக்கும் வேளையில் வண்டி நின்றுவிட்டால் பருவமும் தவறிவிடும். எனவே, புதுப் பெயிண்டைக் கண்டு மயங்காமல், ஒவ்வொரு பாகத்தையும் முறையாகச் சோதித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு

சொந்த வண்டி உண்மையில் தேவைதானா என்பதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். மூன்று லட்ச ரூபாய்க்கு ஒரு வண்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 30,000 ரூபாய், பழுதுபார்ப்பு மற்றும் டயர் தேய்மானம் 30,000, வண்டியின் மதிப்புக் குறைவு 20,000, இன்ஷூரன்ஸ் 5,000 என்றால், மொத்தம் 85,000 ரூபாய் ஆகிறது. மணிக்கு 1,000 ரூபாய் வாடகையில், டீசலுக்கும் ஓட்டுநருக்கும் 500 ரூபாய் போனால் மீதி 500 ரூபாய். அதாவது, ஆண்டுக்கு 170 மணி நேரமாவது வண்டி ஓடினால்தான் செலவு கட்டும். நான்கு ஏக்கர் வைத்திருப்பவரின் சொந்த வேலை 50 மணி நேரத்தில் முடிந்துவிடுமானால், மீதி 120 மணி நேரத்திற்கு வெளி உழவு கிடைக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே பத்து வண்டிகள் இருந்தால் இது எளிதல்ல. அத்தகைய இடங்களில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியை அமர்த்திக்கொள்வது, அல்லது இரண்டு மூன்று பேர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டாக வாங்குவது நலம்.

எந்த வண்டி?

ஒன்பது கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர் ஆகிய மூன்று வேலைக்கும் பொதுவாக 35 முதல் 45 குதிரைத்திறன் உள்ள வண்டி போதுமானது. மாசி பெர்குசன், மகிந்திரா, சுவராஜ், ஜான் டீர் எனப் பல கம்பெனி வண்டிகள் உள்ளன. இவற்றில் எது சிறந்தது என்பதைவிட, பக்கத்து டவுனில் எதற்கு உதிரிபாகமும் அனுபவமுள்ள மெக்கானிக்கும் கிடைக்கும் என்பதே முக்கியம். ஊரில் அதிகம் ஓடும் ரகத்தையே வாங்குவது அனுகூலமானது.

வண்டி இதுவரை எங்கே ஓடியது என்பதையும் விசாரிக்க வேண்டும். புன்செய் நிலத்தில் மட்டும் ஓடிய வண்டியைவிட, சேற்றுழவில் ஓடிய வண்டியில் சேறும் நீரும் புகுந்து ஆக்சில் சீல், பேரிங், பிரேக் ஆகியவை சீக்கிரம் கெடும். செங்கல், மணல் என்று பாரம் இழுத்த வண்டியில் கிளட்ச், பிரேக், பின்பக்கப் பல்சக்கரங்கள் ஆகியவை அதிகம் தேய்ந்திருக்கும். மணி மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. பத்து ஆண்டு ஓடிய வண்டியில் மீட்டர் 2,000 மணி காட்டி, கிளட்ச் பெடல் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம்.

எஞ்சின் சோதனை

காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்போது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் அளவுக் கம்பியை உருவினால், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் ஆயிலில் நீர் கலக்கிறது என்று பொருள். ஸ்டார்ட் செய்தபின் ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டிலோ லைனரிலோ கோளாறு இருக்கலாம்.

புகையின் நிறம் பல உண்மைகளைச் சொல்லும். ஸ்டார்ட் ஆகும்போது சற்றுக் கரும்புகை வருவது இயல்பு. வேலை செய்யும்போது விடாமல் கரும்புகை வந்தால் ஏர் பில்டர் அடைப்போ, டீசல் பம்ப், நாசில் கோளாறோ இருக்கும். இவை ஓரளவு செலவில் சரியாகக்கூடியவை. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கக்கூடும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளிவருவதும் இதற்கே அறிகுறி. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் நீர்க் கசிவோ, கம்ப்ரஷன் குறைவோ காரணமாகலாம். இவற்றுக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழிக்காமல் வாங்கக்கூடாது.

கியர், கிளட்ச், ஹைட்ராலிக்

வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. வயலில் கலப்பையை இறக்கி அரை மணி நேரமாவது உழுது பார்க்க வேண்டும். ஒவ்வொரு கியராகப் போட்டு, பாரத்தில் கியர் தானாக விடுபடுகிறதா, சத்தம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். சமதரையில், எதிரில் ஆள் இல்லாதபோது, பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் நழுவுகிறது.

கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களிலேயே கலப்பை தரைக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு உள்ளது. இச்சோதனையின்போது கலப்பையின் கீழே கையோ காலோ வைக்கலாகாது. சேற்றுழவில் ஓடிய வண்டியானால் பின் ஆக்சில் ஆயிலையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பது அவசியம்.

முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து அசைத்தால் சென்டர் பின், பேரிங் தேய்மானம் தெரிந்துவிடும். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவாகவும், பக்கவாட்டில் வெடிப்பு இன்றியும் இருக்க வேண்டும். பட்டன் தேய்ந்த டயர் சேற்றில் வழுக்கி டீசலை வீணாக்கும்.

ஆவணங்கள்

வண்டி நன்றாக இருந்தாலும் ஆவணம் சரியில்லையென்றால் வாங்கக்கூடாது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி ராவிய அடையாளமோ, வெல்டிங்கோ இருந்தால் விலகிக்கொள்வதே நல்லது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதையும் கேட்டுப் பெற வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

ஆர்.சி.யில் பாங்கு அல்லது பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப்பணம் தரலாகாது. கடன் நிலுவை இருந்தால் வண்டியை அவர்கள் பறிமுதல் செய்யக்கூடும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் பெற வேண்டும். வெளிமாநில வண்டியாயின் படிவம் 28 தேவை.

ஸ்டாம்பு பேப்பரில் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் ஓட்டும் பழக்கம் இரு தரப்பாருக்கும் ஆபத்தானது. விபத்து இழப்பீட்டில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. எனவே விற்றவரும் பெயர் மாற்றத்தில் அக்கறை காட்டுவதே அவருக்குப் பாதுகாப்பு. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

விலை பேசுதல்

டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயருக்கும் வரி குறைந்தது. ஆகவே, அதற்கு முந்தைய புது வண்டி விலையை அடிப்படையாகக் கொண்டு விற்பவர் விலை சொன்னால், இன்றைய புது வண்டி விலையைக் கேட்டறிந்து ஒப்பிட வேண்டும்.

சோதனையில் கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் மதிப்பீடு வாங்கி, அத்தொகையைக் கழித்தே பேசலாம். தரகரோ, விற்பவரோ அழைத்துவரும் மெக்கானிக்கை நம்பாமல், சொந்தமாக ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கையாவது முதல் பழுதுக்கென ஒதுக்கி வைப்பது நல்லது. பழைய வண்டி எதுவானாலும் முதல் பருவத்தில் ஒரு செலவு வைக்கும். அதற்குக் கையில் பணம் இருந்தால்தான் உழவு நிற்காது.