கம்பெனி கிளம்பிவிட்டது

2008 ஜனவரி 15. ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த செல்போன் ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. 2,300 பேருக்கு வேலை போனது. நஷ்டத்தில் ஓடிய கம்பெனி என்றால் ஊர் அழுது ஓய்ந்திருக்கும். ஆனால் நோக்கியா அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த செல்போன் நிறுவனம். முந்தைய ஆண்டு கொழுத்த லாபம். ருமேனியாவில் க்ளூஷ் நகருக்குப் பக்கத்தில் கூலி மலிவு, அவ்வளவுதான். ஜெர்மனி கொதித்தது. பீட்டர் ஸ்ட்ரக் என்ற மூத்த எம்.பி., தன் நோக்கியா போனையே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

க்ளூஷ்காரர்களின் சந்தோஷமும் மூன்று வருடம்தான். 2011 செப்டம்பரில் அங்கும் மூடுவிழா அறிவிப்பு. உற்பத்தி ஆசியாவுக்குப் போகிறது என்றார்கள்.

அந்த ஆசியாவில் ஸ்ரீபெரும்புதூரும் உண்டு. 2006-ல் தொடங்கிய ஆலை, உச்சத்தில் சுமார் 8,000 பேர். பெரும்பாலும் பெண்கள், ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு வந்தவர்கள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ், பிறகு லைனில் எட்டு மணி நேரம், தலைக்கு மேல் டார்கெட். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்தி, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்பும் வேலை. வீட்டில் தங்கைக்கு ஃபீஸ் கட்டியது அந்தச் சம்பளம்.

2013-ல் வரித் தகராறில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. மறு வருடம் நோக்கியாவின் செல்போன் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட், இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை; பின்னர் ஆர்டரையும் நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ல் லைன் நின்றது. வரித்துறைதான் விரட்டியது என்று அப்போது பலர் சொன்னார்கள். பாதிதான் உண்மை. வரித் தகராறே இல்லாத ஹங்கேரியின் கோமாரோம் ஆலைக்கும் அதே வருடம் மூடல் அறிவிப்பு வந்ததே! வேலையில் பெரும்பங்கு வியட்நாமுக்குப் போனது. இறக்குமதிப் பாகங்களைப் பூட்டும் தொழிலுக்கு ஊரில் வேர் பிடிப்பதில்லை. கூலியும் சலுகையும் எங்கே தோதோ, அங்கே பெயர்ந்துவிடும்.

வித்தியாசம், கிளம்பும்போது கொடுத்த விலையில் இருக்கிறது. போஹுமில் தொழிற்சங்கம் விடாமல் மல்லுக்கட்டி, தொழிலாளர்களுக்கு 20 கோடி யூரோ வாங்கியது. மானியம் கொடுத்த மாநில அரசும், இத்தனை பேருக்கு வேலை என்று எழுதிக்கொடுத்ததைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. கடைசியில் வட்டாரத் தொழில் வளர்ச்சிக்கென்று ஒரு தொகையை நோக்கியா தரவேண்டி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்தது சில லட்ச ரூபாயும் ஒரு வி.ஆர்.எஸ். கடிதமும். விருப்ப ஓய்வாம், இருபத்தைந்து வயதில்.