கரும்புகை சொல்லும் கணக்கு

சுமை ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது அதன் சைலன்சர் குழாயிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். “பம்பைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் இந்தப் புகை” என்று பெரியவர்கள் சொல்லவும் கேட்டிருக்கலாம். டீசல் எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்தும் எரிபொருள் பம்பைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அதைக் கூட்டினால் லாரியின் வலு கூடுமா? கூடும். அப்படியானால் வேண்டிய மட்டும் கூட்டிக்கொண்டே போகலாமா? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். பள்ளியில் படித்த இயற்பியலே அதற்குப் போதும்.

மிதியின் வேலை

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வரும் வழி அகலமாகத் திறக்கும். டீசல் எஞ்சினில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும். சிலிண்டருக்குள் முதலில் காற்று மட்டுமே நுழைகிறது. பிஸ்டன் அதைச் சுமார் பதினேழில் ஒரு பங்கு பருமனுக்கு நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே போய்விடும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை. ஆகவே, மிதியை அழுத்தும்போது மாறுவது டீசலின் அளவு மட்டுமே.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சினில், எரிபொருளை உள்ளே தள்ள அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார். அதற்கான கருவி மிகப் பெரிது, லாரிக்கு ஒத்துவராது. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927-இல் சிறிய எரிபொருள் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. டீசல் எஞ்சின் லாரிகளில் பரவ அது வழி திறந்தது.

பம்பினுள்ளே

ஆறு சிலிண்டர் எஞ்சினின் பம்பில் ஆறு சிறு தண்டுகள் வரிசையாக நிற்கும். இவற்றைப் பிளஞ்சர் என்பார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு விரல் பருமன். ஒவ்வொரு முறையும் அது ஒரே உயரம்தான் ஏறி இறங்கும். பிறகு டீசலின் அளவு எப்படி மாறுகிறது?

பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. பிளஞ்சர் ஏறும்போது அந்த வெட்டு, உறையில் உள்ள துளைக்கு நேராக வந்தவுடன் அழுத்தம் வெளியேறிவிடும்; பீய்ச்சுவது நின்றுவிடும். பிளஞ்சரைச் சற்றே திருப்பினால் சாய்வின் வேறோர் இடம் துளையைச் சந்திக்கும். அதனால் பீய்ச்சல் முந்தியோ பிந்தியோ நிற்கும். ஆறு பிளஞ்சர்களையும் ஒன்றாகத் திருப்புவது ரேக் என்னும் பல் தண்டு. அது எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு ஒரு தடை வைத்திருப்பார்கள். அந்தத் தடையைத் தள்ளிவைப்பதுதான் ‘பம்பைக் கூட்டுவது’. இன்று புதிதாக வரும் லாரிகளில் இந்த அளவை மின்னணுக் கருவி கவனித்துக்கொள்கிறது. ஆனால், இனிவரும் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு சொட்டுக் கணக்கு

டர்போ இல்லாத ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 1 லிட்டர். ஒரு முறைக்கு ஒரு சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் எடை ஏறத்தாழ 1 கிராம். 1 கிராம் டீசல் முழுதும் எரியச் சுமார் 14.5 கிராம் காற்று வேண்டும். அப்படியென்றால் 1 கிராம் காற்றுக்கு 69 மில்லிகிராம் டீசல் வரை கொடுக்கலாம் என்று தோன்றும்.

ஆனால், நேரம் எங்கே? நிமிடத்திற்கு 2000 முறை சுழலும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு முறை கீழே வர ஆகும் நேரம் 0.015 விநாடிதான். அதற்குள் ஒவ்வொரு டீசல் துளியும் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தேடிப் பிடிக்க வேண்டும். எனவே காற்று சற்று மிகுதியாகவே இருக்கட்டும் என்று, 50 மில்லிகிராம் டீசலோடு நிறுத்திக்கொள்வோம். பருமனில் இது ஒரு நீர்ச்சொட்டை விடச் சற்றே அதிகம்.

1 கிராம் டீசல் எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 43 கிலோஜூல் வெப்பம். 50 மில்லிகிராமுக்குச் சுமார் 2.1 கிலோஜூல். அதில் 35 விழுக்காடு வேலையாக மாறினால் 0.75 கிலோஜூல். ஆறு சிலிண்டர்களிலும் சேர்த்து விநாடிக்கு 100 முறை எரிகிறது. ஆகவே திறன் 75 கிலோவாட். அதாவது சுமார் 100 குதிரைத்திறன். ஒரு சொட்டு எண்ணெயின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

தடையைத் தள்ளி 55 மில்லிகிராம் ஆக்கினால் ஏறக்குறைய 110 குதிரைத்திறன் கிடைக்கலாம். மேலும் மேலும் கூட்டினால்? காற்றின் அளவு அதே 1 கிராம்தானே! ஆக்சிஜன் கிடைக்காத டீசல் அரைகுறையாக எரிந்து கரித்துகளாகிறது. அரிக்கேன் விளக்கின் திரியை அளவுக்கு மீறி ஏற்றினால் வெளிச்சம் கூடாமல் கண்ணாடி கறுத்துப்போகும் அல்லவா? அதே கதைதான். கரும்புகை வலுவின் அடையாளம் அன்று. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் வீணாகிறது என்பதன் அடையாளம் அது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது.

காற்றைக் கூட்டினால்?

காற்றையும் கூட்டினால் எரிபொருளையும் கூட்டலாம். டர்போ செய்வது அதைத்தான். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் துணையால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரையிலான டாட்ஜ் ராம் வண்டிகளில், டர்போவும் பாஷ் பம்பும் கொண்ட கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் இருந்தது. 1996-இல் தானியங்கி கியர் வண்டிக்கு 180 குதிரைத்திறன் எஞ்சினையும், கையால் கியர் மாற்றும் வண்டிக்கு 215 குதிரைத்திறன் எஞ்சினையும் கொடுத்தார்கள். அடிப்படை எஞ்சின் ஒன்றே. எரிபொருள் அமைப்புகளில்தான் வேறுபாடு.

வலுவை மேலும் கூட்ட விரும்பியவர்கள் அந்தப் பம்பினுள் ரேக்கின் எல்லையைக் காக்கும் சிறு தகட்டை நகர்த்தினார்கள். சிலர் தகட்டையே மாற்றினார்கள். வலு கூடியது, கூடவே தொல்லைகளும் வந்தன. டர்போ வேகம் பிடிக்கச் சிறிது நேரமாகும். அதுவரை எரிபொருளைக் கட்டுப்படுத்த, காற்றழுத்தத்தை உணரும் ஒரு சவ்வு பம்பில் இருக்கிறது. அதன் பிடியைத் தளர்த்தினால் மிதித்தவுடன் கரும்புகைதான்.

அடுத்த தொல்லை வெப்பம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டனுக்கான அலுமினியக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கிவிடும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவோ இதைவிட மிகச் சூடானது. பிறகு பிஸ்டன் எப்படித் தப்புகிறது? ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்று வந்து ஆற்றுகிறது. பிஸ்டன் வளையங்கள் வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துகின்றன. எண்ணெயும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வரவுக்கும் செலவுக்கும் உள்ள இந்தச் சமநிலையை மிகை எரிபொருள் கெடுத்துவிடும். நீண்ட மேட்டில் பிஸ்டனின் தலையே உருகலாம். கிளட்சும் கியரும் கூடுதல் முறுக்கு விசையைத் தாங்க வேண்டும். பம்பைக் கூட்டியதால் பிரேக்கின் வலு சிறிதும் கூடுவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே நல்ல மெக்கானிக் பம்பைத் தனியே கழற்றி, சோதனை மேடையில் ஓட்டி, ஒவ்வொரு குழாயிலும் விழும் டீசலை அளந்து, குறிப்பிட்ட அளவுக்கே சரிசெய்வார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேட்டுப்பாளையத்தில் நம் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 50 மில்லிகிராம் என்று பம்பைச் சரியாக அமைத்தாயிற்று. லாரி 2240 மீட்டர் உயரமுள்ள உதகைக்கு ஏறுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு பங்கு டீசலுக்கு இப்போது எத்தனை பங்கு காற்று கிடைக்கும்? அங்கே வலு குறைகிறதே என்று ஓட்டுநர் பம்பைக் கூட்டச் சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?