தோட்டத்துச் சிற்றுயிர்கள்

கொல்லிமலைமீது ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் பலா, அன்னாசி, மிளகு, காப்பி முதலியன செழித்து வளர்கின்றன. காண்பவர் கண்கள் அவற்றின்மீதே செல்லும். அச்செடிகளின் இலைக்கடியில் வாழும் பூச்சிகளை உற்று நோக்குவார் மிகச் சிலர். ஆயினும், நிலத்தில் நேரும் மாறுதலை முற்பட அறிவிப்பவை பெரும்பாலும் அப்பூச்சிகளே.

பூச்சிகள் பலவும் தமக்குரிய உணவுச் செடியை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளை நாடி முட்டையிடும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கஞ்செடி வேண்டும். எருக்கைப் பயனற்றதென்று கருதி வேலியோரமெல்லாம் வெட்டி எறிவோமாயின், அவ்வழகிய உயிரும் அங்கு அருகிவிடும்.

கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்கள் வழிவழியாகச் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை விளைத்து உண்டனர். பின்னர் அந்நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. சமவெளியிலுள்ள சவ்வரிசி ஆலைகளில் கிழங்கு விலைபோயிற்று. இதன்பொருட்டு உழவரைக் குறை கூறுதல் தகாது. சாமையை உரலிலிட்டுக் குற்றி உமி நீக்கும் உழைப்பை அறிந்தவர் அவ்வாறு கூறார். எனினும், ஒரே பயிர் பரந்து நிற்கும் நிலம் அப்பயிரை உண்ணும் பூச்சிக்கு விருந்து மண்டபம் ஆகிவிடுகிறது.

அவ்வாறே நேர்ந்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் கேரளத்தில் காணப்பட்டது. விரைவில் நாமக்கல், சேலம் மாவட்டங்களிலும் பரவிற்று. இவ்வினத்தில் ஆண் வேண்டுவதில்லை. பெண் பூச்சி தனித்தே நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். குருத்தின் சாற்றை அது உறிஞ்சுவதால் இலைகள் சுருண்டு, நுனி கொத்தாகக் குறுகிவிடும். வெண்மாவு படிந்த பூச்சிகள் யாவும் ஒன்றெனக் கொள்ளலாகாது. 2008-இல் தமிழகத்திற்கு வந்த பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறமுடையது. இதுவோ இளஞ்சிவப்பு நிறமுடையது. பகை வேறாயின் அதனை வெல்லும் வழியும் வேறாகும்.

இப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியையே உணவாகக் கொண்ட மக்களைப் பெருந்துயருக்கு ஆளாக்கியது. அறிஞர் அதன் தாயகத்திலேயே தேடிச் சென்று, பராகுவே நாட்டில் ஒரு சிறு குளவியைக் கண்டனர். எள்ளினும் சிறிய அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதனை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். 2021-இல் அக்குளவி பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொணரப்பட்டு, மறு ஆண்டு தமிழகத் தோட்டங்களில் விடப்பட்டது. பழுப்பேறி இறுகிய மாவுப்பூச்சியின் கூட்டில் ஒரு சிறு துளை காணப்படின், குளவி அங்கே தொழில் செய்துள்ளது என்று அறியலாம். அதனை அறியாது நஞ்சு தெளிப்பவர் தம் நண்பனையும் கொல்கின்றனர்.

நீண்ட காலம் நோக்கினால் பருவத்தின் மாறுதலும் புலப்படும். கலிபோர்னியாவில் ஆர்தர் ஷப்பிரோ என்னும் பேராசிரியர் 1972 முதல் குறித்த சில இடங்களுக்கு மீண்டும் மீண்டும் நடந்து சென்று, கண்ட வண்ணத்துப்பூச்சிகளைக் குறித்து வந்தார். பல இனங்கள் வசந்தத்தில் முன்னினும் முந்தி வெளிப்படுவதை அக்குறிப்புகள் காட்டின. நம் நாட்டிலும் கருநீல வரியன் முதலியன கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இடையே மழைக்காலங்களையொட்டிக் கூட்டமாகப் பறந்து செல்கின்றன. அவை எந்நாளில் கடந்தன என்பதை ஆண்டுதோறும் குறித்து வைத்தல் பள்ளி மாணவர்க்கும் இயலும்.

இதற்கு ஒரு குறிப்பேடு போதும். நாள், நேரம், செடியின் பெயர், மழையுண்டா வெயிலுண்டா என்பது, பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். பெயர் தெரியாவிடின் நிறத்தையும் வடிவையும் வரைந்து வைக்கலாம். ஒன்றும் காணாத நாளில் "ஒன்றும் இல்லை" என்றே எழுதுக. அந்நாளை வெறுமனே விட்டுவிட்டால், பூச்சி வரவில்லையா, பார்ப்பவர் வரவில்லையா என்பது பின்னர் எவருக்கும் விளங்காது.